சேதம் 6 லட்சம், வந்தது 4 லட்சம்: தீ காப்பீட்டில் மீதிப் பணம் எங்கே போகிறது?

கம்பம் பள்ளத்தாக்கின் தெற்குக் கோடியில் இருக்கும் கூடலூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 600 சதுர அடி. முன்பக்கம் கான்கிரீட் தளம், பின்பக்கம் சமையலறைக்கு மட்டும் தகர ஷீட். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் மட்டும் வீட்டில். வீட்டுக் கடன் 8 லட்சம் வாங்கியபோது, வங்கியே அதே 8 லட்சத்துக்கு ஒரு தீ காப்பீடும் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஒருநாள் மின்கசிவில் பாதி வீடு எரிந்துபோகிறது. கொத்தனார், எலக்ட்ரீஷியன் எல்லோரும் பார்த்துச் சொன்ன செலவு 6 லட்சம். இரண்டு மாதம் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து மெயில் வருகிறது: அனுமதிக்கப்பட்ட தொகை 4 லட்சம்.

"பாலிசி 8 லட்சத்துக்கு இருக்கு. சேதம் 6 லட்சம்தான். அப்புறம் ஏன் 4?"

இந்தக் கேள்விக்கு மெயிலில் பதில் இருக்காது. இருந்தாலும் ஒரே வரியில், புரியாத ஆங்கிலத்தில் இருக்கும். பெரும்பாலான குடும்பங்கள் இந்த இடத்திலேயே "கிடைச்ச வரைக்கும் போதும்" என்று நின்றுவிடுகின்றன. இந்த எண் எப்படி வந்தது என்று பார்த்தால்தான் சண்டை போட இடம் இருக்கிறதா, இல்லையா என்பதே தெரியும்.

மேலே சொன்ன 4 லட்சம் கணக்கு ரொம்ப எளிது. அந்த வீட்டை இன்று புதிதாகக் கட்ட, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால் 12 லட்சம் ஆகும். காப்பீடு செய்தது 8 லட்சத்துக்கு. அதாவது மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் பிரீமியம் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே சேதத்திலும் மூன்றில் இரண்டு பங்குதான் தருவோம் என்கிறது நிறுவனம். 6 லட்சத்தில் மூன்றில் இரண்டு, 4 லட்சம். காப்பீட்டுத் துறையில் இதை 'ஆவரேஜ்' விதி என்பார்கள். மீதி ஒரு பங்குக்கு நீங்களே உங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி என்பது அதன் அர்த்தம்!

கடன் தொகைக்குச் சமமாகக் காப்பீடு போடும் பழக்கம்தான் இங்கே வில்லன். வங்கிக்குத் தன் பணம் பத்திரமாக இருந்தால் போதும். வீட்டை மறுபடி கட்ட எவ்வளவு ஆகும் என்பது வங்கியின் கவலை இல்லை. கையெழுத்துப் போடும்போது வாடிக்கையாளரும் அதைக் கேட்பதில்லை.

ஆனால், இந்த வெட்டு எல்லாப் பாலிசியிலும் செல்லுமா? செல்லாது. 2021 ஏப்ரல் 1 முதல், தீ காப்பீடு விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைக் கொடுக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்தது. இந்தப் பாலிசியில் குறைமதிப்புக்கான வெட்டு முழுமையாகத் தள்ளுபடி. அதாவது 12 லட்சம் வீட்டை 8 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தாலும், சேதம் 6 லட்சம் என்றால் 6 லட்சத்தையும் கேட்கலாம். உச்சவரம்பு 8 லட்சம், அவ்வளவுதான்.

ஆக, குறைந்த தொகை வந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது ஷெட்யூல் பக்கத்தில் பாலிசியின் பெயர். பெயர் வேறாக இருந்தால், உள்ளே 'அண்டர் இன்சூரன்ஸ்' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது. கடை, சிறு பட்டறை வைத்திருப்பவர்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று தனிப் பாலிசி உண்டு. அதில் முழுத் தள்ளுபடி கிடையாது. 15 சதவீதம் வரையிலான குறைமதிப்பை மட்டும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

கிருஹ ரக்ஷாவில் பலருக்குத் தெரியாத இன்னொன்று: கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தாலே, வீட்டுக்குள் இருக்கும் பொதுவான பொருட்களுக்கு அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சத்துக்கு, பட்டியல் எதுவும் தராமலே பாதுகாப்பு உண்டு. 8 லட்சம் பாலிசி என்றால் 1.6 லட்சம். கட்டில், பிரிட்ஜ், டிவி, பீரோ எல்லாம் இதில் வரும். ரொக்கம், பத்திரங்கள் வராது. நகைக்குத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். கிளைம் படிவத்தில் கட்டடச் சேதத்தை மட்டும் எழுதிவிட்டு இந்தத் தொகையை அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு. இடிபாடுகளை அகற்றும் செலவு, பொறியாளர் கட்டணம், வீடு தயாராகும் வரை வெளியே குடியிருக்கும் வாடகை ஆகியவற்றுக்கும் வரம்புக்கு உட்பட்டு இடமிருக்கிறது. கேட்காமல் எதுவும் வராது.

பழைய வீடுதானே!

அடுத்த வெட்டு தேய்மானம். "15 வருஷ வீடு, இத்தனை சதவீதம் கழிச்சிருக்கோம்" என்பார்கள். கிருஹ ரக்ஷாவில் கட்டடத்துக்கான அடிப்படை, அதைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு. பழைய சுவருக்குப் பழைய விலை என்ற கணக்கு அங்கே ஒட்டாது. அதற்காகத் தகர ஷீட் சமையலறை எரிந்த இடத்தில் கான்கிரீட் தளம் போட்டுவிட்டு, அந்த பில்லை நீட்ட முடியாது. ஷீட்டுக்கு ஷீட்டின் விலைதான்.

அமெரிக்காவில் 'மொபைல் ஹோம்' வைத்திருப்பவர்களின் புகாரும் இதே இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. தொழிற்சாலையில் செய்து, லாரியில் கொண்டுவந்து நிறுத்தும் அந்த வீடுகளுக்கான பாலிசிகள் பலவற்றில், புதிதாக வாங்கும் விலை கிடைக்காது. தேய்மானம் போக, எரிந்த அன்றைய மதிப்புதான் கிடைக்கும். பழைய வீடு முழுசாக எரிந்துபோனால், அந்தப் பணத்தில் இன்னொரு வீடு வாங்க முடியாது.

நம் ஊருக்கும் இந்தப் பிரச்சினை வந்துகொண்டிருக்கிறது. திராட்சைத் தோட்டத்தில் ஷீட் வீடு, மலையடிவாரத்தில் தங்கும் விடுதி என்று வைக்கப்படும் கன்டெய்னர் வீடு, போர்ட்டபிள் கேபின் என்று பலவிதமாகக் கட்டுகிறோம். சக்கரம் வைத்த கேரவன் என்றால் அது மோட்டார் பாலிசிக்குள் போய்விடும். அங்கே வாகனத்துக்கு அறிவிக்கப்பட்ட மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும். தரையில் நிற்கும் கேபின், கூரை வேய்ந்த வீடு என்றால் விண்ணப்பத்திலேயே சுவர் என்ன, கூரை என்ன என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். ஏஜென்ட் அண்ணன் "எல்லாம் கான்கிரீட்னு போட்டுக்கலாம், பிரீமியம் கம்மி" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எரிந்தபிறகு அந்த ஒரு டிக் மார்க்தான் நிறுவனத்தின் கையில் கிடைக்கும் முதல் ஆயுதம்.

முகவரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீலகிரியிலும் ஒரு கூடலூர் இருக்கிறது. பாலிசி பாதுகாப்பது ஷெட்யூலில் எழுதிய இடத்தில் இருக்கும் வீட்டைத்தான். மாவட்டமும் பின்கோடும் மாறியிருந்தால் இப்போதே திருத்துவது ஒரு மெயில் வேலை. அப்புறம் திருத்துவது அப்படி இருக்காது.

சர்வேயர் சொன்னால் சொன்னதுதானா?

பெரிய தொகை கிளைம்களில் சேதத்தை மதிப்பிட, உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை நிறுவனம் அனுப்பும். ஐஆர்டிஏஐ 2024-ல் வகுத்த காலக்கெடுவின்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். 15 நாளில் அறிக்கை வர வேண்டும். அறிக்கை கிடைத்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும்.

குறைந்த தொகைக்கான காரணங்கள் எல்லாம் அந்த அறிக்கைக்குள் இருக்கின்றன. சுவர் எத்தனை சதுர அடி பாதிப்பு என்று எடுத்தார், பூச்சு வேலைக்கு என்ன விலை போட்டார், எந்தப் பொருளைப் 'பயன்படுத்தலாம்' என்று விட்டார், எரிந்த இரும்புக்கு எவ்வளவு கழித்தார் என்று ஒவ்வொரு வரியாக இருக்கும். கேட்டால் நகல் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள். இரண்டே வரி போதும்: "சர்வே அறிக்கையின் முழு நகலும், தொகை கணக்கிடப்பட்ட விதமும், கழிக்கப்பட்ட ஒவ்வொரு தொகைக்கும் ஆதாரமான பாலிசி விதி எண்ணும் தேவை." நிறுவனம் அரசுத் துறையைச் சேர்ந்தது என்றால் (நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியண்டல், நேஷனல்) தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம்.

உண்மையில், இதைக் கேட்டு வாங்க வேண்டிய நிலையே இருக்கக் கூடாது. பணத்தைக் குறைக்கும் கடிதத்தோடு குறைத்த கணக்கும் சேர்ந்து வர வேண்டும், அதுவும் வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில். பிரீமியம் கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பத் தமிழ் தெரிகிற நிறுவனங்களுக்கு, இங்கே மட்டும் தமிழ் மறந்துபோவது ஏன்?

சர்வேயர் அறிக்கையைப் பற்றி உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறது. இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2009-ல் பிரதீப் குமார் என்பவருக்கும் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், சர்வேயர் அறிக்கை கிளைமுக்கு அடிப்படையாக இருக்கலாம், ஆனால் அது கடைசி வார்த்தை அல்ல, அது யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. இதை வைத்துக்கொண்டு "அறிக்கை செல்லாது" என்று கிளம்பிவிடக் கூடாது. 2021-ல் கடீமா ஃபைபர்ஸ் வழக்கில், தீயில் கழிவுக் காகிதம் எரிந்த ஒரு தொழிற்சாலை அதிகத் தொகை கேட்டபோது, நிறுவனம் சர்வேயர் அறிக்கையை ஏற்றுச் செயல்பட்டதில் குறை காண முடியாது என்று மனுவைத் தள்ளுபடி செய்தது. அறிக்கை தன்னிச்சையானது, தவறானது என்று காட்ட வேண்டிய பொறுப்பு பாதிக்கப்பட்டவர் தலையில்தான் விழுகிறது.

எனவே ஆதாரம்தான் எல்லாம். உரிமம் பெற்ற பொறியாளரிடம் பொதுப்பணித் துறை விலைப்பட்டியலின் அடிப்படையில் ஒரு மதிப்பீடு வாங்குங்கள். சர்வேயரின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதை எழுதுங்கள்: அவர் எடுத்த அளவு, நிஜ அளவு; அவர் போட்ட விலை, இப்போதைய விலை. தீயணைப்பு நிலையத்தின் அறிக்கை, காவல் நிலையத்தில் கொடுத்த தகவலுக்கான ரசீது, கிராம நிர்வாக அலுவலரின் சான்று ஆகியவற்றைச் சேருங்கள். வீட்டுக்குள் என்ன இருந்தது என்பதற்கு பில் எல்லாம் எரிந்துபோயிருக்கும். பரவாயில்லை. புதுமனைப் புகுவிழா ஆல்பம், பிறந்தநாள் வீடியோ, அக்கா வாட்ஸ்அப்பில் போட்ட பொங்கல் போட்டோ என எதிலாவது பின்னால் டிவியும் பிரிட்ஜும் தெரியும். தேதியோடு எடுத்து வையுங்கள். இடிபாடுகளை அவசரப்பட்டு அள்ளிவிடாதீர்கள்; சர்வேயர் பார்த்து, நீங்களும் படம் எடுத்த பிறகே சுத்தம் செய்ய வேண்டும்.

இன்னொரு வாதம் அடிக்கடி வரும்: "தீ எப்படிப் பிடிச்சதுன்னு தெரியலை", அல்லது "ஷார்ட் சர்க்யூட் எங்க பாலிசியில வராது." இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது. மின்கசிவால் கெட்டுப்போன அந்த ஒரு கருவிக்குப் பணம் வராது; அதிலிருந்து பரவிய தீ எரித்த மற்ற எல்லாவற்றுக்கும் வரும். முதல் வாதத்துக்கு 2023-ல் முதித் ரோட்வேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது. காப்பீடு எடுத்தவரே தீ வைக்காதவரை, தீயின் துல்லியமான காரணம் முக்கியமில்லை.

தீ சிலிண்டரிலிருந்து வந்ததா? அப்படியானால் சொந்தப் பாலிசியோடு நிறுத்த வேண்டாம். சமையல் எரிவாயு விபத்துகளுக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துவைத்திருக்கும் காப்பீட்டில், பதிவு செய்த முகவரியில் நடந்த சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை இடம் உண்டு. கேஸ் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தகவல் தர வேண்டும்.

"கையெழுத்து போட்டா நாளைக்கே பணம்"

தகராறு செய்கிற ஆள் என்று தெரிந்ததும் ஒரு தாள் வரும். டிஸ்சார்ஜ் வவுச்சர். 'முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்' என்று அதில் இருக்கும். வீடு எரிந்து, வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு அந்த 4 லட்சம் அவசரமாகத் தேவை என்பது நிறுவனத்துக்கும் தெரியும்.

போட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. 1999-ல் அஜ்மீர் சிங் காட்டன் மில்ஸ் வழக்கில், வவுச்சரில் கையெழுத்து இருக்கிறது என்பதாலேயே ஒருவரின் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால், அந்தக் கையெழுத்து மோசடியாலோ, நிர்ப்பந்தத்தாலோ, தவறான தகவலாலோ வாங்கப்பட்டது என்று காட்ட வேண்டும். வவுச்சரைக் காட்டி வாடிக்கையாளர் நீதிமன்றம் போவதைத் தடுக்கக் கூடாது என்று 2015 செப்டம்பரில் ஐஆர்டிஏஐயும் சுற்றறிக்கை அனுப்பியது. இருந்தாலும் பின்னால் நிரூபிக்கிற பாட்டை விட, முன்னாலேயே எழுதிவிடுவது எளிது. "இத்தொகையை எதிர்ப்புடன், மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று கையெழுத்துக்கு மேலே எழுதி, படம் எடுத்துக்கொண்டு, அதே வாசகத்தை அன்றே மெயிலிலும் அனுப்பிவிடுங்கள். அப்படி எழுதினால் பணம் தர மாட்டோம் என்றால், அந்தப் பதிலையும் எழுத்தில் கேளுங்கள். நிர்ப்பந்தத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சென்னையா, தேனியா?

முதல் படி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி. அங்கே கொடுக்கும் புகாரை ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' இணையதளத்திலோ, 155255 எண்ணிலோ பதிவு செய்தால் தேதியோடு ஒரு எண் கிடைக்கும். ஒரு மாதம் வரை பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இரண்டு வழிகள் பிரிகின்றன.

ஒன்று, இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. ஆன்லைனில் புகார் தரலாம், வீடியோவில் விசாரணை நடக்கும். கட்டணம் இல்லை, வக்கீல் கிடையாது. 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிடலாம். ஆவணங்கள் எல்லாம் சேர்ந்த 3 மாதத்தில் தீர்ப்பு வர வேண்டும். அந்தத் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. பிடிக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நிறுவனத்தின் மறுப்பு வந்த ஓராண்டுக்குள் இங்கே புகார் கொடுத்துவிட வேண்டும்.

மற்றொன்று, தேனியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டத்தின்படி நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பலருக்கும் குழப்பம் தரும் விஷயம் ஒன்று இருக்கிறது: மாவட்ட ஆணையமா, மாநில ஆணையமா என்பதை முடிவு செய்வது கேட்கும் இழப்பீடு அல்ல, கட்டிய பிரீமியம். வீட்டுப் பாலிசி பிரீமியம் சில ஆயிரங்கள்தான் என்பதால் மாவட்ட ஆணையமே போதும், கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கைத் தீ பிடித்த நாளிலிருந்தே வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் நிற்க முடியாது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு இருந்தால் ஆம்புட்ஸ்மேன் தொட மாட்டார். கணக்குத் தகராறு மட்டும்தான், தொகை 50 லட்சத்துக்குள்தான் என்றால் முதலில் ஆம்புட்ஸ்மேனிடம் போவதே புத்திசாலித்தனம். மன உளைச்சலுக்கான இழப்பீடு, சாட்சிகளின் குறுக்கு விசாரணை எல்லாம் வேண்டும் என்றால் தேனிக்குப் போகலாம்.

நீதிமன்ற வழி எவ்வளவு நீளம் என்பதற்குக் கர்நாடக மிளகாய் விவசாயிகளின் கதை இருக்கிறது. குளிர்பதனக் கிடங்கில் வத்தலை வைத்து, அதன்மேல் கனரா வங்கியில் கடன் வாங்கியிருந்தார்கள். 2014 ஜனவரியில் கிடங்கு முழுவதும் எரிந்தது. காப்பீடு செய்திருந்த யுனைடெட் இந்தியா நிறுவனம் பணம் தர மறுத்தது. பாலிசி விவசாயிகள் பெயரில் இல்லை, அவர்கள் எங்கள் வாடிக்கையாளரே இல்லை என்றும் வாதிட்டது. உச்ச நீதிமன்றம் விவசாயிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது 2020 பிப்ரவரியில். ஆறு வருடம்! ஜெயித்தார்கள், வட்டியோடு. ஆனால் ஆறு வருடம் அந்தக் குடும்பங்கள் எப்படிச் சமாளித்தன என்பது தீர்ப்பில் இருக்காது.

வீட்டுக் கடன் பாக்கி இருந்தால், வரும் தொகை முதலில் வங்கிக்குத்தான் போகும். கடனில் கழித்துக்கொண்டு மீதியைத் தருவதா, வீட்டைத் திரும்பக் கட்ட விடுவிப்பதா என்று வங்கி மேலாளரிடம் கிளைம் நடக்கும்போதே எழுத்தில் பேசிவிட வேண்டும். குறைந்த தொகைக்கு வங்கி தானாகவே சம்மதம் சொல்லிவிடாமல் இருக்க, தகராறு நடக்கிறது என்ற கடிதத்தின் நகலும் வங்கிக்குப் போக வேண்டும்.

வேலைக்காக ஊரை விட்டு வந்தவர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று பாக்கி. வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் பூட்டிக் கிடந்தால் நிறுவனத்துக்குத் தகவல் தர வேண்டும் என்ற நிபந்தனை பல தீ பாலிசிகளில் உண்டு. அப்பா அம்மா இரண்டு மாதம் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சென்னைக்கு வருகிறார்கள் என்றால், பஸ் டிக்கெட் போடும் அன்றே ஒரு மெயில் தட்டிவிடுங்கள். ஷெட்யூல் பக்கத்தை படம் எடுத்து, வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். பீரோவுக்குள் இருக்கும் பாலிசி, பீரோவோடு சேர்ந்துதான் எரியும்.